செகண்டும் ஓவர்டிரைவ் பட்டனும்

வேகத்தடைக்கு நாலு வீடு இருக்கும்போதே அவருடைய கட்டைவிரல் கியர் லீவரின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனைத் தேடிப் போய்விடும். ஒரே அமுக்கு. ஓவர்டிரைவ் என்கிற மேல் கியர் விலகும், கார் ஒரு கியர் கீழே இறங்கும், அதுவரை அரைத் தூக்கத்தில் முனகிக்கொண்டிருந்த என்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து உட்காரும். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பிறகு லீவரை இழுத்து ‘2’ என்ற எண்ணில் வைப்பார். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, “ஆச்சா? போலாமா?” என்பார்.

மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்கு ‘செகண்டு’ என்று பெயர். மற்றவர்கள் மூன்றாவது கியரில் பறக்கும் இறக்கத்தில் இவர் இரண்டாவது கியரைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் வருவார். “டிரைவர் சார், நாங்க இறங்கி நடந்தா முன்னாடி போயிடுவோம்” என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். “தாராளமா நடங்க. கீழ பாப்போம்” என்பார் இவர், திரும்பியே பார்க்காமல். தாமதத்துக்காக மேலதிகாரியிடம் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. அதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்.

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதும் கிளட்ச் மிதிக்கிற கதை முடிந்தது. மகள், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் தன்னுடைய பழைய ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் நாள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், சாவியை மேசைமேல் போட்டுவிட்டார். “இது வண்டி இல்லம்மா, லிஃப்ட்டு. ஏறி நின்னா கொண்டுபோய் விட்டுடுது. நடுவுல நான் எதுக்கு?” சில மாதங்கள் கார் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. மனுஷர் பேப்பரை விரித்தால் மூடுவதில்லை, பேச்சும் குறைந்துபோயிற்று.

ஒருநாள் வேறு வழியில்லாமல் மனைவியைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். திரும்பும் வழியில் மனைவியின் கைப்பையை நகர்த்தி வைக்கப் போய், விரல் தவறிப் பட்டனில் பட்டது. கார் உறுமியது. அந்த உறுமலைக் கேட்டதும் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! “உள்ள இருக்குடி! கியர் எல்லாம் உள்ளதான் இருக்கு! நம்மகிட்ட சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கான்!” வீட்டுக்கு வருவதற்குள் பட்டனையும் லீவரையும் எத்தனை முறை ஏற்றி இறக்கினார் என்பதற்குக் கணக்கில்லை.

அன்றிலிருந்து அவர் பழைய ஆளாகிவிட்டார். பேருந்தின் கியர் கம்பி இடுப்புயரத்துக்கு நிற்கும். அதன் உருண்டை உள்ளங்கை பட்டுப் பட்டே வழுவழுத்துப் போயிருக்கும். என்ஜின் மூடியின் சூடு தொடையைச் சுடும். அதையெல்லாம் இந்தக் குட்டி லீவரில் அவர் எப்படியோ பிடித்துவிட்டார். லீவர் இறங்கும்போது இடது கால் தானாகவே எழுந்து, இல்லாத கிளட்சை மிதிக்கும். காருக்குள் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது.

வினை மகள் வடிவத்தில் வந்தது. விடுமுறைக்கு வந்தவள் காரை எடுத்தாள். கிளப்பிய உடனே மஞ்சள் விளக்கு. என்னமோ ஏதோ என்று பதறி மெக்கானிக்கிடம் ஓடினாள். அவர் எட்டிப் பார்த்துப் பட்டனை அமுக்கினார், விளக்கு அணைந்தது. “ஓவர்டிரைவை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. அவ்வளவுதான். வண்டியை யாரு ஓட்டுறா, அப்பாவா?” என்று சிரித்தார். சிரித்தவர் சும்மா இருக்காமல் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் செகண்டையே வரச்சொல்லி நேரில் சொன்னார். “மலை இறக்கத்துல நீங்க பண்றது சரிதான் சார். தெருவுக்குள்ள எதுக்கு? கியர்பாக்ஸ் ஏற்கெனவே தேஞ்சு வழுக்குது. இது போச்சுன்னா வண்டிய எடைக்குத்தான் போடணும்.”

செகண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். கிளட்ச் வைத்த வண்டிக்கு அந்த முழங்கால் இனி ஒத்துழைக்காது. இன்னொரு கார் வாங்கித் தர மகளுக்கும் வசதிப்படாது. இந்தக் கார் போனால் அவர் பின்சீட்டு மனிதர்.

இப்போது பத்தியம். மலையில் மட்டும் பட்டன், சமதளத்தில் தொடக்கூடாது. காவலுக்கு மனைவி. விரல் அந்தப் பக்கம் நகர்ந்தாலே “ஏங்க…” என்று ஒரு இழுப்பு. கை வெறிச்சென்று இருக்கிறது என்பதற்காக வேகத்தடை வரும்போதெல்லாம் வாயாலேயே “ம்ம்ர்ர்ர்” என்று கியர் இறக்கிக்கொள்கிறார். மனைவியின் அக்கா மலைமேல் இருக்கிறார். அவருக்கும் செகண்டுக்கும் கல்யாணத்தன்றிலிருந்தே ஆகாது. அப்படிப்பட்டவர் இப்போது வாரம் தவறாமல், “பாவம், உங்க அக்காவைப் போய்ப் பாத்துட்டு வருவோமா?” என்கிறார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தேகத்தோடுதான் கதவைத் திறக்கிறார்.

போன வாரமும் போனார்கள். திரும்பும்போது கடைசி வளைவுவரை இரண்டாவது கியரில் ஆசை தீர இறங்கினார். சமதளம் வந்ததும் லீவரை ஏற்றி, பட்டனை அமுக்கி, விளக்கை அணைத்தார். சாலை பழைய டிப்போவின் பக்கம் திரும்பியது. தூரத்திலேயே தெரிந்தது: கேட்டில் பூட்டு, உள்ளே ஆளுயரப் புதர். பின்னால் ஊழியர் குடியிருப்பு. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்த வீடு அங்கேதான். டிப்போவுக்கு முந்திய திருப்பத்தில்தான் அவர் நாளெல்லாம் ஓட்டிய வண்டியைக் கடைசியாக ஒருமுறை செகண்டுக்கு இறக்குவார். கை பழக்கத்தில் லீவருக்குப் போயிற்று. கட்டைவிரல் பட்டன்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“ஏன் எடுத்துட்டீங்க?” என்றார் மனைவி.

“மெக்கானிக் சொன்னது மறந்துடுச்சா? வண்டி போச்சுன்னா நானும் போச்சு.”

மனைவி ஜன்னல் வழியாக அந்தக் குடியிருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “மழை நாள்ல வாசல்லயே நிப்பேன். மத்த வண்டிங்க வரும், போகும். இந்தத் திருப்பத்துல நீங்க கியர் இறக்குற சத்தம் மட்டும் எனக்குத் தனியாத் தெரியும். அது கேட்டப்புறம்தான் உள்ள போய் அடுப்பப் பத்தவைப்பேன்.”

“இத்தனை வருஷத்துல ஒரு நாளும் சொன்னதில்லையே!”

“வீட்டுக்கு வந்ததும் தூங்கிடுவீங்க. யார்கிட்ட சொல்றது?”

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். திருப்பம் நெருங்கியது. மனைவி மடியிலிருந்த பையை நகர்த்திவிட்டு, சீட் பெல்ட் இழுக்க இழுக்கச் சாய்ந்து, கையை நீட்டித் தானே அந்தப் பட்டனை அமுக்கினார்.