எண் அழிக்கப்பட்டுள்ளது

துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் என்னை உட்கார வைத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. குன்னூரில் ஒரு சர்ச் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள் நான். ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துப்பாக்கியை அதுவரை போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. "பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கி செக்ஷனா?" என்று பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, எது தெரியாவிட்டாலும் யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வேலை அப்படியொன்றும் கஷ்டமில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க வருகிறவர்கள் துப்பாக்கியையும் கையோடு கொண்டுவருவார்கள். அதில் அடித்திருக்கும் எண்ணை லைசென்ஸில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு நான் குறிப்பு எழுத வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியில் செய்தவர் பெயரோ எண்ணோ ஓர் அடையாளமோ இருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்திருப்பவரே அதை அழித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். புது ரைஃபிள்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே அவற்றில் எண் அடித்திருக்கும். சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே செய்யப்பட்ட பழையவற்றில் சிலவற்றுக்கு எண்ணே இருந்ததில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேட்டைக்குத் தடை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பயிர்க் காவலுக்கென்று கொடுத்திருந்த லைசென்ஸ்களையும் மேலிடத்தில் குறைக்கப் பார்த்தார்கள். ஒருமுறை விட்டுப்போன லைசென்ஸ் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

ஆனி மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் ஓர் எஸ்டேட் மேனேஜர் தன் புது ரைஃபிளுடன் வந்தார். எண் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனாலும் மழை விடட்டும் என்று அவருக்கு டீ வரவழைத்து உட்கார வைத்திருந்தோம். அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார். சோலூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்தபின் பயிர்க் காவல் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தார். நனைந்த சாக்குக்குள் சுற்றிக் கொண்டுவந்த துப்பாக்கியை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்த எடத்துல ஒரு பொம்பளப் புள்ளயப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பதிலுக்குச் சிரிக்காமல் சாக்கைப் பிரித்தேன்.

குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குகிற பழைய ரைஃபிள் அது. அவருடைய மாமனார் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறும் முன் கொடுத்துவிட்டுப் போனதாம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணைக் காணவில்லை. குழலின் அடிப்பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"நம்பர் எங்கே?"

"நம்பருங்களா? அப்படியொண்ணும் கெடையாதுங்களே. என்ற ஊட்டுக்காரரு இருந்தப்பவும் இப்படியேதான் கொண்டாந்து காட்டுவாருங்க."

லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணுக்குரிய இடம் ஈரம் பட்டுக் கலங்கியிருந்தது. பழைய பதிவேடு மாடியில் இருந்தது. ஏறிப்போய்ப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்பரை அரத்தால ராவி எடுத்திருப்பாங்க. திருட்டுத் துப்பாக்கின்னா அப்படித்தான் செய்வாங்க" என்றார். ஏதோ ரொம்பத் தெரிந்தவர்போலச் சொன்னார். நானும் தெரிந்தவள்போலத் தலையாட்டினேன். 'எண் இல்லை' என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் 'எண் அழிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். ஹெட் கிளார்க் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, "பரவாயில்லையே, கண்டுபிடிச்சுட்டியே" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது அந்தப் பெருமைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ரைஃபிளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டார்கள். அந்த அம்மாளின் கணவர் ஓர் எஸ்டேட்டில் காவல்காரராக இருந்தவர். அதனால், அவர் அங்கிருந்துதான் துப்பாக்கியைத் திருடி எண்ணை அழித்திருப்பார் என்று விசாரணையில் பேச்சு வந்தது. அவருடைய தம்பியும் அதே எஸ்டேட்டில்தான் வேலை. தன் வேலைக்கு எங்கே ஆபத்து வருமோ என்று அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் அந்த அம்மாள் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து ஹெட் கிளார்க்கிடம் சொல்லி அழுததில் எனக்குத் தெரிந்தது.

"கெழங்கெல்லாம் பன்னி கிண்டிப் போட்டது போகட்டுமுங்க. செத்தவரத் திருடன்னு சொல்றாங்களே, அதத்தானுங்க தாங்க முடியல."

அவர் போனபின் நான் மாடிக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சுதந்திரத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொரு பதிவிலும் அந்த ரைஃபிளின் எண் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. எண் கிடையாது என்பதற்கான கோடு. பதிவேட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கீழே வந்தேன். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து மாதம் ஓடியது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான் பெரிது.

கடைசியில், வெலிங்டனில் ராணுவத் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை, ரைஃபிளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அழைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் வைத்துத்தான் பார்த்தார். அந்த அம்மாளும் வந்திருந்தார். பெரியவர் ரைஃபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, குழல்மேல் விரலை ஓட்டினார்.

"இதுல எப்பவுமே நம்பர் இருந்ததில்லைங்க. அரம் போட்டு ராவினா அந்த எடம் பள்ளமாயிரும். இது மட்டமா இருக்கு. கை பட்டுத்தான் வழவழன்னு ஆகியிருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும் நம்பர் அடிக்க மாட்டாங்க. பழைய ரிஜிஸ்டர் இருக்குமே, அதைப் பாத்தீங்களா?"

ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார். நான் மாடிக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. பக்கம் எனக்கு மனப்பாடம். கோட்டைக் காட்டியதும் பெரியவர் கேட்டார்: "அப்ப அழிச்சிருக்குன்னு எழுதுனது யாரு?"

நான் குனிந்து பதிவேட்டை மூடினேன். "ஏதோ எழுத்துப் பிழைங்க" என்று ஹெட் கிளார்க் முடித்துவைத்தார்.

வழக்கு தள்ளுபடியானது. ரைஃபிளில் ஓர் எண் அடித்துத் திருப்பித் தர சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அதற்குள் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தது. புதிதாகக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ரைஃபிளைச் சர்க்காருக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வந்த அன்று அந்த அம்மாள் என் மேசைக்கு வந்து ஒரு பை நிறைய கேரட்டை வைத்தார்.

"அம்மணி, அன்னிக்கு நீங்க ஓடிப்போயி அந்த நோட்ட எடுத்தாரலைன்னா என்ற கதி என்ன ஆயிருக்குமுங்க? நீங்க நல்லா இருக்கோணும்."

'நான்தான் எழுதினேன்' என்று அப்போது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லைங்க" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப்பின் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனேன். கல்யாணமாயிற்று, குழந்தைகள் பிறந்தன. வேலை விஷயமாகச் சோலூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த அம்மாளின் நிலத்தைப் பார்ப்பேன். உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் தேயிலை வைத்திருந்தார். பன்றி தேயிலையைத் தொடாது.

பதினோரு வருடம் கழித்து ஒரு மத்தியானம் அங்கே இறங்கிவிட்டேன். அவர் களத்தில் கொழுந்து மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். எழுதியது நான், பெரியவர் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே பதிவேட்டைப் பார்த்தும் சொல்லாமல் இருந்ததும் நான்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மூட்டையின் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கேசு தள்ளுபடி ஆயிருச்சுன்னு சொல்லியும் என்ற கொழுந்தனாரு நம்பலீங்க. அவரு பொண்ணு கண்ணாலத்துக்குக்கூட என்னையக் கூப்பிடல. இப்ப எங்கிட்டச் சொன்னத அவருகிட்ட வந்து சொல்லோணும். இப்பவே."

இருவரும் மேட்டில் ஏறிப் போனோம். வழி முழுக்க அவர் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். கொழுந்தனார் வாசலில் நின்று, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எழுதுனது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"எங்கண்ணன் அழிக்கல?"

"இல்லைங்க. அதில் எண்ணே இருந்ததில்லை."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தாண்டி அந்த அம்மாளைப் பார்த்து, "உள்ள வாங்க அண்ணி" என்றார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களோ என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு தனியாக மேட்டை இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தேன்.