அப்பா நடத்திய மார்மன் பாடம்

கரும்பலகையில் வெள்ளிக்கிழமை வகுப்பின் மராத்தி எழுத்துகள் சரியாக அழியாமல் கிடந்தன. அவற்றின் மேலேயே அப்பா நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘வேதம் சொல்வது’ என்றும் வலப்பக்கம் ‘மார்மன் தீர்க்கதரிசிகள் சொல்வது’ என்றும் தமிழில் எழுதினார். புனேயின் கட்கியில் இருந்த எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்தான் கூடுவோம். பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்று கடைசி பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள். பாடம் அவளுக்காகத்தான் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. திருநெல்வேலிப் பக்கமிருந்து அப்பா ஆயுதத் தொழிற்சாலை வேலைக்குப் புனே வந்து சில வருடங்கள் கழித்து, நர்சிங் முடித்த அவளையும் இங்கே அழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கேயே மருந்துப் பிரிவில் இருந்த ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் தமிழர்தான், இந்து. அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாமா அதைப் பொருட்படுத்தாமல் பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் வீட்டுக்கு வருவார், அம்மா வைக்கும் குழம்பை வாய்விட்டுப் புகழ்வார், அப்பாவோடு கிரிக்கெட் பேசுவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைநாளில் அவருடைய ஸ்கூட்டர் மும்பை நெடுஞ்சாலையில் லாரியில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

தகனம் முடிந்து வந்த அத்தை அப்பாவின் தோளில் சாய்ந்து, “அவரு எங்கண்ணே போயிருப்பாரு?” என்று கேட்டாள். குழந்தை கேட்பதுபோலத்தான் கேட்டாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே, “ரட்சிக்கப்படாமப் போயிட்டாரு, ஏட்டி. ஒன் ஆத்துமாவயாவது நீ காப்பாத்திக்கோ” என்றார். கொடுமைக்காரராக அதைச் சொல்லவில்லை. அவர் கண்களிலும் நீர் இருந்தது. உண்மையை மறைப்பதுதான் அன்பில்லாத செயல் என்று அவர் முழுமனதோடு நம்பினார். அத்தை அவர் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச காலத்தில் அவள் சபைக்கு வருவது குறைந்தது. உடன் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அவளை, அமெரிக்காவில் தோன்றிய தங்கள் மார்மன் சபையின் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த வெளிநாட்டு இளைஞர்கள் இருவர் அங்கே அவளுக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்கள். ஆலயத்தில் முத்திரையிடப்பட்ட திருமணம் மரணத்தோடு முடிவதில்லை. இறந்துபோனவருக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம். அதை ஏற்றுக்கொள்ள மறுவுலகில் அவருக்கு வாய்ப்புண்டு. அத்தை எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று இதை அம்மாவிடம் சொன்னபோது, மாமா போன பிறகு முதன்முறையாக அவள் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தேன்.

அப்பா அதைக் கேட்டுக் கலங்கிப்போனார். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ மார்மன்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களை வரவழைத்து என்னைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பொய்க்குற்றம் எதுவும் சாட்டிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். “அவங்க சொல்லாதத சொன்னதாச் சொல்லப்படாது” என்று ஒவ்வொன்றையும் இரண்டு புத்தகங்களில் சரிபார்க்கச் சொன்னார். வகுப்பறையில் அவர் பேசியவை அந்த உழைப்பின் பலன்கள்.

அவருடைய வாதங்கள் இன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. வானத்திலிருந்து ஒரு தூதனே இறங்கி வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்கக் கூடாது என்று வேதம் எச்சரிக்கும்போது, தூதன் காட்டிய பொன் தகடுகளில் எழுதியிருந்ததாகச் சொல்வதை நம்பி எப்படி இன்னொரு வேதத்தைச் சேர்ப்பது? தேவன் ஒருகாலத்தில் மனிதனாக இருந்தார், மனிதனும் தேவனைப்போல் ஆகலாம் என்று அவர்களுடைய முதல் தீர்க்கதரிசி போதித்தது நித்தியமான ஒரே தேவன் என்பதோடு எப்படிப் பொருந்தும்? பல மனைவிகளைக் கட்டிக்கொள்வது தேவ கட்டளை என்றார் ஒரு தீர்க்கதரிசி. பின்னால் வந்தவர் அதை நிறுத்தினார். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று பல காலம் விலக்கி வைத்தார்கள். பிறகு ஒரு தீர்க்கதரிசிக்கு வெளிப்பாடு வந்தது, உண்டு என்றார்கள். “தேவன் மனசு மாறினாரா? இல்ல, தேவன் சொல்லாததத் தேவன் சொன்னதாகச் சொல்லிட்டாங்களா?” என்று அப்பா கேட்டார். தேவன் சொல்லாததை அவர் பெயரால் சொல்கிறவன்தான் கள்ளத் தீர்க்கதரிசி, அதைவிடப் பெரிய துணிச்சல் இல்லை என்று அழுத்திச் சொன்னார். சபை “ஆமென்” என்றது. நானும் சொன்னேன். அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாக மரித்தோருக்கான ஞானஸ்நானத்துக்கு வந்தார். “செத்தவங்களுக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாது. அவங்க கணக்கு முடிஞ்சுபோச்சு. முடியும்னு சொல்லுதவன் அழுகுதவளோட கண்ணீர வச்சு ஆள் சேக்குதான்.” அத்தை எழுந்தாள். பெஞ்ச் தரையில் கிறீச்சிட்டது. வாசல்வரை போய் நின்று, குரலை உயர்த்தாமல், “ஆள் சேக்கட்டும்ணே. அவங்க எங்கூட ஒக்காந்து அழுதாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நகரின் மறுகோடியில் உள்ள ஹடப்சருக்கு வீடு மாற்றிக்கொண்டாள். அம்மா மட்டும் பஸ் மாறிப் போய் எப்போதாவது பார்த்து வருவாள். அப்பா குடும்ப ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபித்தார். போய்ப் பார்க்க மட்டும் மாட்டார்.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு ஒருநாள், சபையின் மூப்பர் ஒருவர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். “ஐயா, ஸ்தோத்திரம்! உங்க தங்கச்சி அந்தக் கூட்டத்த விட்டுட்டாங்களாம். உங்க பாடம் வீண்போகலை” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. “அப்போ நம்ம சபைக்கு வருதாளா?” என்று கேட்டார். மூப்பர் தயங்கினார். “எங்கயும் போறதில்லையாம். ஜெபிக்கிறதே இல்லையாம்.” மறுநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஹடப்சருக்குக் கிளம்பினார்.

அத்தை கதவைத் திறந்து, “வாண்ணே” என்றாள். நேற்றுத்தான் வந்துபோனவரை அழைப்பதுபோல இருந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது. மாமாவின் படம் சுவரில் இருந்தது, பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. ஏன் விட்டாய் என்று அப்பா கேட்காமலே அவள் சொன்னாள். “நல்ல மனுசங்கதான். எனக்கு ஒரு கொறையும் வைக்கல. ஆனா நீ அன்னைக்குச் சொன்னது மண்டைக்குள்ளயே கெடந்துச்சு. புருசனும் பொண்டாட்டியும் பிரிய வேண்டாம்னு சொன்ன அதே வாயி, பல பொண்டாட்டி தேவ கட்டளைன்னும் சொல்லிருக்கே, எத நம்பன்னு. ஒரு கட்டத்துல நம்ப முடியல. நீதான் ஜெயிச்ச.”

அப்பா, “அவங்க சொல்லுதது தப்புன்னு இன்னைக்கும் சொல்லுவேன்” என்று தொடங்கினார். நான் பயந்துபோனேன். “ஆனா மாப்பிள்ள கடைசி நேரத்துல யாரக் கூப்பிட்டாரு, தேவன் அவர என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது, ஏட்டி. தெரிஞ்ச மாதிரி ஒங்கிட்ட சொன்னேன். தேவன் எங்கிட்ட சொல்லாதத அவரு பேரால சொன்னேன். நானும் அதத்தான் செஞ்சிருக்கேன்.”

அத்தை அழவில்லை. “தெரியலன்னு அன்னைக்கே சொல்லிருந்தா, நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்ணே” என்றாள்.

அப்பா வகுப்பு நடத்துவதை நிறுத்திக்கொண்டார். சபையில் கேட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றார். வாரந்தோறும் கட்கி மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு ஹடப்சருக்குப் போனார். வேதத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை மறுபடி ஜெபிக்க வைக்க தன்னிடம் வழியில்லை, அதுவே தனக்குத் தண்டனை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நுரையீரல் நோய் முற்றி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தைதான் பகல் முழுவதும் பக்கத்தில் இருந்தாள். நானும் உடனிருந்த ஒரு மாலையில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, “அங்க மாப்பிள்ளயப் பாத்தா என்ன சொல்லணும்?” என்று கேட்டார். அப்பாவின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வருமென்று நாங்கள் நினைத்ததே இல்லை. அத்தை முகமூடியைத் திரும்பப் பொருத்தி, நாடாவைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். “நான் நல்லாருக்கேன்னு சொல்லுண்ணே” என்றாள். அவள் நன்றாக இல்லை என்பது அங்கிருந்த எங்கள் மூவருக்கும் தெரியும். அப்பா கண்களை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

இப்போது நான் புனேயிலேயே பாணேர் பகுதியில் இருக்கிறேன். இங்குள்ள எங்கள் சபையில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்த இளைஞர்கள். சமீபத்தில் அவர்களுக்கு இதே பாடத்தை நடத்தச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன், ஏனெனில் அப்பாவின் வாதங்கள் சரியென்றே இன்றும் நம்புகிறேன். முடிவில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி எழுந்து, “அக்கா, எங்க அப்பா கிறிஸ்டியன் இல்ல, போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க எங்க இருப்பாங்க?” என்றாள். தெரியாது என்றேன். பாடத்தை அங்கேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்ததும், கட்கியில் அப்பாவின் பாடங்களைக் கேட்டிருந்த பாஸ்டர் என்னைத் தனியே அழைத்து, உங்கள் அப்பாவிடம் இருந்த தெளிவு உங்களிடம் இல்லையே என்று வருத்தப்பட்டார். ஆமாம் என்றேன்.