அறுந்த போல்ட்

வேலை முடிந்து களைத்து வந்து என் காரின் வீல் நட்டுகளை முறுக்கும்போது வரும் துரு வாசனையில், இப்போது மேம்பாலத் தூண் நிற்கிற எங்கள் ரேணிகுண்டா வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிடுகிறது. நைனா டாக்ஸி ஓட்டினார். ஒருமுறை மலைப்பாதையில் நட்டு தளர்ந்து சக்கரம் ஆடி, பள்ளத்தில் விழாமல் தப்பி வந்தார். அதிலிருந்து, அவர் எதிரெதிரே உள்ள நட்டுகளை மாற்றி மாற்றி அளவாய் முறுக்கி முடித்ததை, தினமும் அம்மா ஸ்பானர்மேல் ஏறி நின்று மறுபடி இறுக்குவாள்.

"போதும்மே, இன்னும் மிதிச்சா போல்ட்டு அறுந்துபூடும்" என்பார் நைனா.

ஒருநாள் அறுந்தேபோனது. அம்மா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். நைனா திட்டவில்லை. வேறு போல்ட் மாட்டி, அளவாக முறுக்கி, "வா, ஏறு" என்று அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மலைக்கு ஓட்டிப் போனார். சாயங்காலம் திரும்பியபோது, பல மாதங்களாகச் சரியாகத் தூங்காத அம்மா, சீட்டில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.