முதல்ல வயரைப் போடு

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் அவர் தன் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். அட்டையின் முன்பக்கத்தில், புகைப்படத்துக்குக் கீழே, 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்' என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கும் கீழே, 'புன்னகையோடு கேட்போம், மனம் நோகாமல் தீர்ப்போம்' என்று நிறுவனத்தின் வாக்குறுதி. புகைப்படத்தில் இருப்பவர் புன்னகைக்கவில்லை. நேரில் இருப்பவரும் அப்படித்தான். "அதைப் படிச்சுட்டு உள்ள விட்டாங்கன்னா, அப்புறம் என்னைப் பாத்து ஏமாந்து போவாங்க" என்பது அவர் தரும் விளக்கம்.

வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. கணினி விளையாட்டுகளை நேரலையில் ஒளிபரப்புகிறவர்களின் வீடுகளுக்கு அவரை அனுப்புகிறார்கள். இதைச் சிறப்புப் பொறுப்பு என்று அலுவலகம் சொல்கிறது. மற்ற வாடிக்கையாளர்களிடம் அவரை அனுப்ப முடியாது என்பதுதான் உண்மை. ஒளிபரப்புகிறவர்களோ முகம் தெரியாதவர்களிடம் அன்றாடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். முகம் தெரிந்த ஒருவர் திட்டுவது அவர்களுக்கு ஆறுதலாகக்கூட இருக்கலாம். அவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வயர் அண்ணன்'. எந்த வீட்டிலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "முதல்ல வயரைப் போடு, அப்புறம் பேசு." காற்றில் வரும் வைஃபையை நம்பாமல் கணினிக்கு நேராக வயர் இழுக்க வேண்டும் என்று அர்த்தம்.

விளையாடுகிறவரின் திரையிலிருந்து நொடிக்கு அறுபது படங்கள் கிளம்பி, இணையத்தின் வழியே பார்க்கிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் சில உதிர்ந்துவிட்டால் காட்சி திக்கும், உறையும், கடைசியில் அறுந்தே போகும். இந்த நோய்க்கு 'ஃபிரேம் டிராப்' என்று பெயர். எல்லோரும் இதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்: நெட் சரியில்லை. வயர் அண்ணன் அதை ஒப்புக்கொள்வதில்லை. "பார்சல் வரலைன்னா மூணு விஷயம் இருக்கு. சமைக்க முடியலையா, கட்ட முடியலையா, கொண்டுபோய்க் குடுக்க முடியலையா? கடைக்காரன் தூங்கறான்னு வை, டெலிவரிப் பையனைத் திட்டி என்ன பிரயோஜனம்?" கணினியால் காட்சியை வரைய முடியவில்லையா, அதைச் சுருக்கிக் கட்ட முடியவில்லையா, கட்டியதை இணைப்பால் சுமக்க முடியவில்லையா என்பதை இப்படிச் சொல்கிறார்.

மூன்றாவதுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், கணினியை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுவார். வீட்டில் எத்தனை பேர், யார் யாரிடம் கைபேசி, மாடியில் யார், அவர் என்ன செய்கிறார் என்று பெண் பார்க்க வந்தவரைப் போல விசாரிப்பார். எந்த வீட்டிலும் இணைப்பைத் தின்னும் ஓர் ஆள் உண்டு என்பது அவர் கொள்கை. கண்டுபிடித்ததும் வீட்டார் அனைவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, கையை நீட்டி அறிவிப்பார். தம்பியின் ஒளிபரப்பு ஏன் மாதக்கணக்கில் திக்கியது என்று ஒரு வீட்டில் விளக்கியபோது, மணிக்கணக்கில் படங்களை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் தனிக்குடித்தனம் போகும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. "நான் குடும்பத்தைப் பிரிக்கலை. லோடைத்தான் பிரிச்சேன்" என்று அதை நினைவுகூர்கிறார்.

மனம் நோகப் பேசினார் என்று அவர்மேல் வரும் புகார்களுக்குக் குறைவில்லை. புகார் கொடுத்தவர்களே அடுத்த முறை, "அதே ஆளை அனுப்புங்க" என்கிறார்கள். பொய் சொல்லமாட்டார் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மேலாளரிடமும் சொன்னதில்லை, பதவி உயர்வும் வந்ததில்லை. அவர் வீட்டிலோ இணைப்பு ஒரு மூலையில் வரும், மறு மூலையில் வராது. "ஊருக்கெல்லாம் வயர் இழுக்கறாரு, கட்டின வீட்டுக்கு ஒரு முழம் கிடையாது" என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்புகிறார்.

இன்னொரு விசித்திரம், யாருடைய ஆட்டத்தையும் அவர் பார்த்ததில்லை. திரையின் ஓரத்தில், உதிர்ந்த படங்களைக் கணக்கிட்டுச் சிவப்பாக ஏறும் எண்ணைத்தான் பார்ப்பார். நடுவில் உலகமே அழிந்துகொண்டிருந்தாலும் கண் அங்கே போகாது. "யாரோ யாரையோ துரத்தறான். அதை இன்னொருத்தன் உக்காந்து பாக்கறான். பாக்கறவனுக்கு வேலை இல்ல, சரி. ஓடறவனுக்கென்ன?"

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போனது ஒரு பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்கு. விளையாடுகிறவர் ஓட்டுநர் அல்ல, அவர் மனைவி. வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. ஞாயிறன்று கார்ப் பந்தயம். "நான் ரோட்டுல நாப்பதைத் தாண்டினதில்ல, இவ பெட்ரூம்ல இருநூறுல போறா" என்று வாசலிலேயே சொன்னார் ஓட்டுநர்.

அன்று அரையிறுதி. போட்டியாளர் தன் திரையை இடைவிடாமல் நேரலையில் காட்ட வேண்டும், காட்சி அறுந்தால் ஆள் வெளியே என்பது விதி. கள்ளாட்டத்தைத் தடுக்க அப்படி ஓர் ஏற்பாடு. சென்ற போட்டித் தொடரில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது காட்சி அறுந்து அந்த அம்மாள் வெளியேற்றப்பட்டார். வேண்டுமென்றே துண்டித்துவிட்டார் என்று யாரோ எழுதியும் வைத்தார்கள். இன்னொரு முறை அறுந்தால் இந்த ஆண்டு முழுக்கத் தடை.

"வயரைப் போட்டாச்சு அண்ணே, நீங்களே வந்து போட்டதுதான்" என்றார் அம்மாள், அவர் வாயைத் திறக்கும் முன்பே.

அவர் யாரும் பார்க்க முடியாத சோதனை ஒளிபரப்பு ஒன்றை ஓடவிட்டார். ஒரு படமும் உதிரவில்லை. பிறகு எல்லோரும் பார்க்கும் நேரலையைத் தொடங்கச் சொன்னார். சிறிது நேரத்தில் சிவப்பு எண் ஏறத் தொடங்கியது. அந்த வீட்டு இணைப்பு மொட்டைமாடி ஆன்டெனா வழியாக வருவது. படம் போவதற்கும் வருவதற்கும் ஒரே ஒற்றையடிப் பாதை. நேரலை தொடங்கினால் மட்டும் எதிரே யாரோ கூட்டமாக வருகிறார்கள். யார் என்று பார்க்க, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார்.

அலமாரியில் டப்பாக்கள்மேல் சாய்த்துவைத்த பழைய கைபேசிகள், விரிசல் விட்ட ஒரு டேப்லெட், மேடைமேல் சின்ன டிவி. எட்டுத் திரை. எல்லாவற்றிலும், ஒலியடக்கி, ஒரே சிவப்பு கார். நடுவில் ஓட்டுநர்.

"என்ன சார், மொபைல் கடை வெச்சிருக்கீங்களா?"

"மெதுவா பேசுங்க தம்பி. அவளுக்குத் தெரியாது." ஓட்டுநர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "ஆரம்பத்துல யாருமே வரமாட்டாங்க. பார்வையாளர் சைபர்னு காட்டும். அதையே பாத்துக்கிட்டு ஓட்டுவா. ஒருநாள் என் போன்ல திறந்து வெச்சேன், ஒண்ணு ஆச்சு. 'ஏங்க, யாரோ வந்திருக்காங்க'ன்னு உள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. அப்புறம் என்னால நிறுத்த முடியல."

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் கொடுத்து, ஒரு குணமும் கொடுத்திருந்தார். "இவரு ரிட்டயர்டு வாத்தியாரு, தப்பு பண்ணினா சொல்லுவாரு. இது காலேஜ் பொண்ணு, சும்மா கையைத் தட்டும். இந்த டேப்லெட் கொஞ்சம் கோவக்காரரு."

"உங்க வாத்தியாரும் கோவக்காரரும்தான் சார் லைனை அடைக்கறாங்க."

ஓட்டுநருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்போ, போன தடவை அவளை வெளிய அனுப்பினது?"

"நீங்கதான்."

ஓட்டுநரின் கை தானாகப் போய் ஒரு கைபேசியை அணைத்தது. படுக்கையறையிலிருந்து உடனே குரல் வந்தது: "ஏங்க, ஒருத்தர் போயிட்டாரு. ஆட்டம் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள போயிட்டாரு." ஓட்டுநர் அவசரமாக அதைத் திறந்தார். "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றது குரல். பிறகு, "அண்ணே, என்னன்னு கண்டுபிடிச்சீங்களா?"

வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிடுவார். கையை நீட்டுவார். அன்று கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

"ஆன்டெனால லூஸ் கனெக்‌ஷன்மா. எங்க கம்பெனி தப்பு. சரி பண்ணிட்டேன். நீ ஆடு" என்றார்.

பாக்கெட்டிலிருந்து தன் கைபேசியை எடுத்து, அதன் இணைப்பைப் பிறருக்குத் திறந்துவிட்டார். எட்டுத் திரைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் வாத்தியார், பிறகு கல்லூரிப் பெண் என்று, வீட்டு இணைப்பிலிருந்து பிரித்துத் தன் கைபேசிக்கு மாற்றினார். காட்சியின் தரத்தைக் கடைசிப் படிக்கு இறக்கினார்.

"மங்கலா தெரியும் சார்."

"அவ கார் செவப்புன்னு தெரிஞ்சா போதும் தம்பி."

கைபேசி வீட்டைவிட்டு வெளியே போனால் எட்டுப் பேரும் போய்விடுவார்கள். அதனால் அவரும் போக முடியவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பை அணைத்துவிட்டு, காலி சிலிண்டர்மேல் உட்கார்ந்தார். அந்த அம்மாள் முதல் வளைவிலேயே சறுக்கிப் பின்தங்கினார். கோவக்காரர் பெயரில் ஓட்டுநர் எதையோ தட்டச்சு செய்ய, "பிரேக்கை லேட்டா புடிக்காதன்னு போட்டிருக்காரு, இவருக்கு என்ன தெரியும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஓட்டுநர் சத்தமில்லாமல் சிரித்தார். காட்சி ஒருமுறையும் அறுபடவில்லை. அம்மாள் கடைசிக்கு முந்திய இடத்தில் முடித்தார். இறுதிப் போட்டிக்குத் தேர்வாகவில்லை, வெளியேற்றப்படவும் இல்லை.

ஆட்டத்தின் நடுவில் ஒருமுறை, "ஏங்க, புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, ஒம்போது ஆயிருச்சு" என்று குரல் கேட்டது. ஓட்டுநர் தன் திரைகளை எண்ணிப் பார்த்தார், எட்டுதான் இருந்தன.

வயர் அண்ணன் ஆட்டம் முடியும்வரை தன் கைபேசியிலும் அதைத் திறந்து வைத்திருந்தார்.