சிவப்பு அம்பும் ஞானராஜ் அண்ணனின் பிரிண்டரும்

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டும்போது என் போனில் ஞானராஜ் அண்ணன் பெயர் வந்தது. பிரிண்டர்தான், வேறென்ன என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அலுத்துக்கொண்டுதான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி எஸ்தர் அக்கா. “அண்ணன் போய்ட்டாரும்மா. காபி கேட்டாரு, கொண்டாந்து பாத்தா இல்ல.” சரிக்கா, சரிக்கா என்றேன். முந்தின நாள் சாயங்காலம் கூட அவரோடு பேசியிருந்தேன். அதுவும் பிரிண்டர் விஷயம்தான். வழக்கம்போல சனிக்கிழமை வர்றேண்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நம் சபைப் பாடகர் குழுவில் அவரோடு நின்ற உங்களுக்கு அவர் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாதது, அவருடைய கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் நான் பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுத்தாளை அவரே டைப் செய்து, வீட்டிலேயே பிரிண்ட் எடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. நான் எங்கள் ஷூ கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவள். அதனால் அந்தப் பிரிண்டர் என் தலையில் விழுந்தது.

மனிதர் ராத்திரி படுக்கும்முன் வீட்டிலுள்ள வயரையெல்லாம் பிடுங்கிவிடுவார். “கரண்ட் ஜாஸ்தியா வந்துட்டா?” என்பார். காலையில் பிரிண்டர் கேபிளை, கம்ப்யூட்டரின் பின்பக்கம் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் செருகுவார். ஓட்டை மாறினால் புதுப் பிரிண்டர் வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டருக்கு நினைப்பு. ஒரே பிரிண்டருக்குக் காப்பி ஒன்று, காப்பி இரண்டு என்று பேர் வைத்து வரிசையாக நிறுத்திவிடும். அண்ணன் அனுப்பும் பக்கமோ பழைய பேருக்கே போய், அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும். “எந்த ஓட்டையில போட்டா இன்னாம்மா, ஒரே பொட்டிதானே?” இதற்குப் பதில் சொல்லி எனக்கு மாளவில்லை.

பிரிண்ட் வராவிட்டால் சும்மா இருப்பாரா? ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்களுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்த பிரிண்டர் சிடியைப் போட்டு, முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய ஆரம்பிப்பார். சொல்லும்போது மட்டும் கேபிளைச் செருகவும் என்று திரையில் கொட்டை எழுத்தில் வரும். அதற்கு முன்பே செருகியிருப்பார். பாதியில் நின்றுபோகும். பிறகு பிரிண்ட் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்குவார். ஒரு தடவை அமுக்கினால் போதும் அண்ணா என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். “வரலன்னா திரும்பக் கேக்கணும்மா” என்பார், கொஞ்சமும் கோபப்படாமல். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

கடைசியில் ஒரு யோசனை செய்தேன். கம்பெனியிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொண்டுபோய், சரியான ஓட்டையின் பக்கத்தில் ஒட்டினேன். அம்பு ஒட்டியிருக்கேண்ணா என்று சொன்னதும் மரியாதையாகத் தலையாட்டினார். அதன் பிறகு கேபிள் எல்லா ஓட்டைக்கும் போனது, அந்த ஒன்றைத் தவிர. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து, காத்துக்கிடக்கும் பக்கங்களை அழித்து, காப்பிகளை நீக்கி, கேபிளை மாற்றுவேன். ஏண்ணா இப்படி என்று கேட்டால், நல்ல ஓட்டையாப் பாத்துத்தானே போட்டேன் என்பார். என்னைச் சீண்டுகிறார் என்றே நினைத்தேன்.

சொன்னபடி சனிக்கிழமை போனேன். அண்ணன் கூடத்தில் பெட்டியில் இருந்தார். நாலு மணிக்கு அடக்கம். போதகர் பாட்டுத்தாள் கேட்டார். அடக்கப் பாட்டுகள் எல்லாம் அண்ணனின் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஆம்பூர் போய் பிரிண்ட் எடுத்துவர நேரமில்லை. பாட்டைத் தேடி எடுத்துவிட்டு, கேபிளோடு நான் மேஜைக்கு அடியில் போனதைப் பார்த்து எஸ்தர் அக்கா எழுந்து வந்தார்.

“அதுல போடாதம்மா. அம்பு ஒட்டியிருக்கு பாரு, அது ரிஜெக்ட்டு. அண்ணன் சொல்லியிருக்காரு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிட்டயர் ஆகும்வரை அண்ணன் எங்கள் கம்பெனியில் செக்கர். தோலில் கீறலோ தையலில் பிசகோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவது இந்தச் சிவப்பு அம்பைத்தான். வாழ்நாள் முழுக்க அம்பு ஒட்டியதைத் தள்ளி வைத்த மனிதரிடம், அம்பு இருக்கும் இடத்தில் செருகு என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். அழுவதா சிரிப்பதா தெரியாமல் கேபிளை அங்கேயே செருகினேன்.

அவசரத்தில், காத்துக்கிடந்த பழைய பக்கங்களை அழிக்க மறந்துபோனேன். பிரிண்டர் தடதடவென்று ஆரம்பித்தது. வந்தது அடக்கப் பாட்டு அல்ல. மறுநாள் அறுப்பின் பண்டிகைக்காக அண்ணனே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. வாரம் பூரா அமுக்கியது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கேன்சல் அமுக்கினால் அது கேட்கவா போகிறது? வீட்டிலிருந்த பேப்பர் முழுவதும் அதில்தான் இருந்தது; அது தீர்ந்த பிறகுதான் நின்றது. செத்தும் என்னை விடமாட்டீரா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். வேறு வழியில்லாமல் மிச்சத்தை அழித்துவிட்டு, தாள்களைத் திருப்பிப் போட்டு, அடக்கப் பாட்டை முதுகுப் பக்கம் அடித்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். மண் போட்டு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, எஸ்தர் அக்கா கையிலிருந்த தாளைத் திருப்பினார். “இந்தப் பக்கத்தையும் பாடுங்க. இதுக்குத்தான் வாரம் பூரா அமுக்கிக்கிட்டு இருந்தாரு.” அடக்கத்தில் அறுப்புப் பாட்டா என்று யாரும் கேட்கவில்லை. பாடினோம். அவர் எழுதிய பாட்டை அவர் இல்லாமல் நாம் பாடியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தாள் ஒன்று என் பைபிளுக்குள் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வருகிறது. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடுங்கள் அண்ணா, வருகிறேன்.