இடது பக்கத்து ஸ்டூல்

கல்லூரியில் அவளுக்கு ‘லைன் பிஸி’ என்று பெயர். பாடம் நடக்கும்போதே மடியில் கிடக்கும் போனை எட்டிப் பார்ப்பாள். அது உறுமினால் முகம் மாறிவிடும். இடைவேளையில் ஜன்னலோரமாக ஒதுங்கி நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து இருக்கைக்காரிக்குத் தலை நிறையச் சுருட்டை முடி, அதனால் எல்லோருக்கும் அவள் சுருட்டை. ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"யாருடி அந்த ஆளு? மூச்சு விடுற நேரம்கூட விடாம பார்க்குற?"

"இருக்காரு ஒருத்தர்."

"என்ன வேலை?"

"பஸ்ல."

"டிரைவரா?"

"கண்டக்டர்."

"அதானே பார்த்தேன். டிக்கெட் எடுக்காமலே ஏறிட்ட போல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சொன்னதில் பொய் கிடையாது. அவர் கண்டக்டராக இருந்தவர்தான். அவர் தன்னுடைய அப்பா என்பதையும், பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து வீட்டில் படுத்திருக்கிறார் என்பதையும் மட்டும் விட்டுவிட்டாள். ஆள் இருக்கிறான் என்று நினைத்தால் கேலி செய்வார்கள், கொஞ்சம் பொறாமையும் படுவார்கள். அப்பா படுக்கையில் என்றால் உச்சுக் கொட்டுவார்கள். உச்சுக் கொட்டலை வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் வெளியூரில் இருந்தான். அப்பா விழுந்த செய்தி கேட்டதும் அவன் அனுப்பியது ஒரு கேமரா. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை உருண்டை. கட்டிலில் அசைவு தெரிந்தால் அவள் போன் உறுமும். போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் உருண்டைக்குள்ளிருந்து குரல் வரும், அவர் பேசுவதும் இங்கே கேட்கும். தான் நேரில் வர மட்டும் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை.

அப்பா பேசுவது என்றால் ஒரே சொல்தான். மற்ற எல்லாவற்றையும் பக்கவாதம் வாரிக்கொண்டு போனபோது, வேலைக்காலம் முழுவதும் நாக்கில் புரண்ட ‘ரைட்’ மட்டும் தப்பி நின்றுவிட்டது. பசித்தாலும் ரைட், கோபம் வந்தாலும் ரைட். வேண்டாம் என்றால் அதையே இழுத்துச் சொல்லித் தலையை ஆட்டுவார். குரலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். அவள் புரிந்துகொண்டாள். கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த டெய்லர் அக்காவும் புரிந்துகொண்டாள். மதியச் சாப்பாடு அக்கா கையால்தான்.

அவள் படித்தது திரைகளைப் பற்றிய படிப்பு. தொட்டால் கேட்கும் திரை, கையசைத்தால் கேட்கும் திரை, கண்ணில் மாட்டிக்கொள்ளும் திரை என்று மனிதர்கள் பயன்படுத்தும் விதவிதமான திரைகளை வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரமே லேபில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு வீடு தெரிந்தது. வெளிச்சமான அறை, நடுவில் கட்டில், கசங்கிய விரிப்பு. அவள் சட்டென்று குனிந்து விரிப்பை இழுத்துச் செருகினாள். தலையணை ஒன்றை எடுத்துக் குதிகால் வரும் இடத்தில் சரியாக வைத்தாள். பின்னால் கொல்லென்று சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, அவள் பார்த்தது அத்தனையும் சுவர்த்திரையில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது என்று.

"எல்லாரும் பால்கனிக்குப் போய் கடல் பார்த்தாங்க. இவ ஒருத்திதான் படுக்கை தட்டிப் போட்டா" என்றாள் சுருட்டை. "கண்டக்டருக்கு யோகம்டி."

அந்தச் சுவர்த்திரைதான் லேபின் பெருமை. ஆள் உயரத்துக்கு மேல், சுவர் முழுவதும் ஒரே கண்ணாடி. விரலால் தொட்டு இழுத்தால் படங்கள் ஓடும். மற்றவர்கள் தொட்டால் ஓடியது. இவள் தொட்டால் அசையவில்லை. காரணம் சாதாரணமானது. படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிற கைகள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சோப்பையும் பிளீச்சிங் தண்ணீரையும் பார்க்கும் என்று கணக்கு கிடையாது. விரல் நுனி வறண்டு வெடித்து, உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட தோலை அந்தக் கண்ணாடி தோலாகவே மதிப்பதில்லை. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தால் நாலைந்து நாளில் சரியாகும். அவளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் திரையில் வைத்துப் பார்த்தாள். பாடம் எடுக்கும் மேடம் முகத்தைச் சுளித்ததும் அதையும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். போனைச் சுவர்த்திரையோடு இணைத்துவிட்டால் போனில் இருப்பது சுவரில் தெரியும், போனிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாம். போனும் அவள் விரலை லேசில் ஒத்துக்கொள்ளாதுதான். ஆனால் சின்னத் திரையைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் அழுத்திச் சமாளிக்கலாம். யாரும் பார்க்கமாட்டார்கள்.

செமஸ்டர் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு திட்டம் காட்ட வேண்டும். இவள் பஸ் நிறுத்தத்தில் வைக்கிற ஒரு திரையை வடிவமைத்திருந்தாள். அடுத்த பஸ் எது, அதில் உட்கார இடம் இருக்கிறதா, தாழ்ந்த படி உண்டா என்று நிற்பவர் கேட்காமலே சொல்லும். ஏறுகிறவர்கள் நாள் முழுக்கக் கேட்கிற கேள்விகள் என்னென்ன என்று அப்பா நன்றாக இருந்த காலத்தில் சோற்றுத் தட்டின் முன்னால் நடித்துக் காட்டுவார். திட்டம் முழுக்க அதிலிருந்து வந்தது. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை நேரமாகிவிட்டது. கேமரா வழக்கமாக அலமாரி மேல் இருக்கும், அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் தலைமுடிதான் தெரியும். இன்று போனை அடிக்கடி எடுத்துப் பார்க்க முடியாது, ஒரு பார்வையிலேயே முகம் தெரியட்டும் என்று நினைத்தாள். கட்டிலின் இடது பக்கத்து ஸ்டூலில் கேமராவை வைத்தாள். ஸ்டூல் சின்னது. அதிலிருந்த தண்ணீர்க் குவளை ஓரத்துக்குப் போனது. யூரின் பாட்டிலுக்கு இடமில்லை. அதை எடுத்துக் கட்டிலின் வலது பக்கம் வைத்துவிட்டு ஓடினாள்.

ஒரு பக்கம் விழுந்தவரின் சாமான் எல்லாம் நல்ல கை இருக்கும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். முதல் நாள் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புகிற பாடம் இது. அவளுக்கும் தெரியும்.

அவள் முறை வந்தது. மேடமும் வெளியிலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போனைச் சுவரோடு இணைத்தாள். பஸ் நிறுத்தம் சுவரில் விரிந்தது. வந்தவர்களில் ஒருவர் தலையாட்டி ரசித்தார். தாழ்ந்த படி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் உறுமியது. சுவரின் உச்சியில் பட்டையாக ஒரு அறிவிப்பு இறங்கியது: ‘அசைவு’. அதைத் தள்ளிவிடக் கட்டைவிரலை வைத்தாள். விரல் ஒருமுறை வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை அழுத்தினாள், வேலை செய்தது. அறிவிப்பு விலகுவதற்குப் பதில் திறந்துகொண்டது.

சுவர் முழுக்க அப்பா.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துணி இல்லை. இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி வலது பக்கம் எதையோ எட்டிக்கொண்டிருந்தார். உடம்பு சாய்ந்திருந்தது. எதை எட்டுகிறார் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ அடக்கினார்கள்.

"என்னம்மா இது? யாரு?" என்றார் மேடம்.

"சாம்பிள் வீடியோ மேடம்" என்றாள். வாய் தானாக ஓடியது. "நெட்ல எடுத்தது. யாருன்னு தெரியாது."

சொல்லும்போதே போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொத்தானில் விரல் இருந்தது என்பது, விரலை எடுத்த பிறகு சுவரே சொல்லியது. அரை நொடி தாமதமாக, கட்டில் இருந்த அறையிலிருந்து அவள் குரலே திரும்பி வந்தது. ‘நெட்ல எடுத்தது. யாருன்னு தெரியாது.’

அப்பா எட்டுவதை நிறுத்திவிட்டுக் கேமரா பக்கம் திரும்பினார். அந்த லேபில் இருந்த எல்லோர் முகத்தையும் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ரைட்" என்றார்.

அந்த ரைட்டில் கோபம் இல்லை. ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறியாயிற்று, வண்டியை எடு என்று சொல்வதுபோல் வெறுமனே ஒரு ரைட்.

சுருட்டைதான் எழுந்து போய்ச் சுவரின் சுவிட்சை அணைத்தாள்.

இவள் அங்கேயே நின்று டெய்லர் அக்காவுக்குப் போன் போட்டாள். அத்தனை பேர் முன்னாலும், இந்த முறை மறைக்காமல். "அக்கா, உடனே மேல போங்க. அப்பா ஓரத்துல உக்காந்திருக்காரு. பாட்டில் தப்பான பக்கம் வச்சுட்டேன். முதல்ல தோளைப் பிடிச்சுக்குங்க." வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். மேடம் போ என்பதுபோல் கையை அசைத்தார். உச்சுக் கொட்டும் சத்தம் எங்கும் வரவில்லை. அதுவே இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா விரிப்பை மாற்றி, ஈரத்தைத் துடைத்து, அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்திருந்தாள். விழவில்லை. ஸ்டூல்மேல் கேமராவை ஒரு துண்டு மூடியிருந்தது.

"துண்டை நான் போடலை" என்றாள் அக்கா. "நான் வர்றப்போ தூக்கித் தூக்கி வீசிட்டு இருந்தாரு. கை பழக்கம் இல்லையா, தப்பித் தப்பி விழுந்துச்சு. நான் எடுத்துப் போடவான்னேன். முறைச்சாரு. தானே போட்டாருடி."

"எதாவது சொன்னாரா?"

"சொல்றதுக்கு என்ன வச்சிருக்காரு பாவம்? அந்த ஒண்ணையும் சொல்லலை."

அக்கா போன பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்பதற்குச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. "அப்பா, சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பூனை மட்டும் பார்த்தார்.

"நான்தான்பா சொன்னேன். கேட்டிருப்பீங்க. யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வெக்கமா இருந்துச்சு. அவங்க பார்க்குறாங்களேன்னு. உங்களுக்கு எப்படி இருக்கும்னு அப்போ தோணலை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மட்டுமல்ல, அடுத்த சில நாட்களும் வீட்டில் ரைட் கேட்கவில்லை. சாப்பாடு போதும் என்றால் வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். சத்தமில்லாத வீட்டில் அவள் பாட்டிலை இடது பக்கம் வைத்தாள், குவளையை இடது பக்கம் வைத்தாள், கேமராவைத் துண்டோடு சேர்த்து ஜன்னல் மேடைக்கு மாற்றினாள். கல்லூரிக்குப் போகவில்லை. ஆனால் எத்தனை நாள் போகாமல் இருக்க முடியும்? அக்காவுக்கும் தைக்க வேண்டிய துணி இருந்தது.

ஒரு காலையில் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் காலேஜ் போகணும்பா. நீங்க விழுந்தா எனக்குத் தெரியணும். மத்தது எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம். இதை எங்க வைக்கட்டும்? நீங்களே காட்டுங்க."

வாங்கிய நாளிலிருந்து இதை அவள் அவரிடம் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை. அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிக் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார். கையை இன்னும் கீழே இறக்கினார்.

"தரையிலயா? அங்க வச்சா தரைதானே தெரியும்."

"ரைட்."

அவள் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். கட்டில் கால்கள், செருப்பு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வெறும் தரை. ஆள் விழுந்தால் அங்கேதான் விழ வேண்டும். விழாதவரை யாரும் தெரியமாட்டார். இவ்வளவு எளிய விஷயம், திரைகளைப் படிக்கிறவளுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

கேமராவை அங்கே வைத்தாள். அதன் வயரை ஒரு சுவிட்ச் உள்ள நீள வயரில் சொருகி, சுவிட்சை இடது பக்கத்து ஸ்டூலில் பாட்டிலுக்குப் பக்கத்தில் கட்டினாள். "வேணாம்னா நிறுத்திக்கலாம்" என்றாள். அவர் நிறுத்திப் பார்த்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி நிறுத்தினார்.

மேடம் திட்டத்தைத் திரும்பக் காட்டச் சொல்லியிருந்தார். இந்த முறை போனை இணைக்கவில்லை. சுவர்முன் நின்று சுருட்டையைக் கூப்பிட்டாள்.

"நீ வந்து தொடு. நான் எங்க தொடணும்னு சொல்றேன்."

"ஏன், நீ தொட மாட்டியா?"

"என் விரலை இது எடுக்காது." கையை விரித்துக் காட்டினாள். "அன்னைக்கு நீங்க பார்த்தது எங்க அப்பா. நான்தான் பார்த்துக்குறேன். கழுவிக் கழுவி இப்படி ஆயிடுச்சு. இந்த பஸ் ஸ்டாப்கூட அவர் சொன்னதுதான். அவர்தான் கண்டக்டர்."

கண்டக்டர் என்றதும் யாரும் சிரிக்கவில்லை. சுருட்டை தலையைக் குனிந்துகொண்டே வந்து தொட்டாள், சொன்ன இடத்திலெல்லாம். முடிந்து இருக்கைக்கு வந்த பிறகு மெதுவாக, "டிக்கெட்டுன்னு எல்லாம் பேசிட்டேன்டி" என்றாள்.

"நான்தானே பேச விட்டேன்."

மதியத்துக்கு மேல் மடியில் போன் உறுமியது. எடுத்துப் பார்த்தாள். திரை கறுப்பு. ‘இணைப்பு இல்லை.’ அவர் சுவிட்சை நிறுத்தியிருக்க வேண்டும். கரண்ட் போயிருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அக்காவுக்குப் போன் செய்யக் கட்டைவிரல் போனது. இப்போது அக்கா மேலே ஓடினால், அவர் எதற்காக நிறுத்தினாரோ அதன் நடுவில் போய் நிற்பாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். மேடம் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பாடம் முடியும் நேரத்தில் போன் மறுபடி உறுமியது. கட்டில் கால்கள் தெரிந்தன, செருப்பு தெரிந்தது, நடுவில் வெறும் தரை.