வெட்டாத கழுத்துப்பட்டை

டெல்ஃபினோ ஆவிலா பிடிவாதக்காரர், பிடிவாதத்தால்தான் செத்தார் என்று அந்தக் குடாவில் மீன் பிடிக்க வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் அவருடைய மகள் லெனோர்.

வடக்குக் கலிஃபோர்னியாவின் மலைச்சாலைகளில் முப்பத்தொரு வருடம் கேஸ் லாரி ஓட்டியவர் டெல்ஃபினோ. லீவு நாட்களில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கி அபலோனிச் சிப்பி எடுப்பார். அதற்குத் தடை வந்த பிறகு, அவரும் கூட்டாளிகளும் ஆளுக்கொரு கயாக் வாங்கினார்கள். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் படகு. அதில் போய்ப் பாறைமீன் பிடித்தார்கள்.

படகுதான் புதிது. உடுப்பு பழையது. முக்குளிப்பதற்காக வாங்கிய தடித்த ரப்பர் உடையையே படகிலும் போட்டுக்கொண்டார்கள். தண்ணீருக்குள் அது கதகதப்பாக இருக்கும். வெயிலில் துடுப்புப் போட்டால் பத்து நிமிடத்தில் உடம்பு வெந்துவிடும். அதனால் மேல்பாதியை உரித்து, கைகளை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, வெறும் பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். "வேணும்னா ஏத்திக்கலாம்" என்பார்கள். முக்குளித்த கூட்டத்துக்கே உரிய தப்பு இது. அந்தத் தண்ணீரின் குளிர் தங்களுக்குப் பழக்கம் என்று நினைத்தார்கள். உடையில்லாமல் ஒருநாளும் அதில் இறங்கியதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

லெனோருக்குத் தோன்றியது. அவள் பொறியாளர். பம்புகளில் போடும் ரப்பர் வளையங்கள் கசிகின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. காற்றின் சூட்டைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள் என்று அப்பாவிடம் பல தடவை சொன்னாள். கடைசியில் அவளே ஓர் உடை வாங்கி அனுப்பினாள். உடம்பு முழுக்க மூடும் சிவப்பு உடை. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, காற்றாடவும் செய்யும். உள்ளே கம்பளி பனியன் போட்டுக்கொள்ளலாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் பட்டை. கழுத்துப்பட்டை புதிதில் இறுக்கமாகத்தான் வரும். ஆளின் கழுத்துக்குத் தகுந்தபடி, அதிலிருக்கும் கோடுகளை ஒட்டி ஒவ்வொரு வளையமாக வெட்டிவிட வேண்டும். கூட வெட்டினால் தண்ணீர் புகும். வெட்டாவிட்டால் மூச்சு முட்டும்.

அப்பா போன் செய்தார்.

"கழுத்த நெரிக்குதும்மா. கண்ணு ரெண்டும் பிதுங்கி, இறால் மாதிரி இருக்கேன்."

"கொஞ்சம் வெட்டணும்ப்பா. நீங்க கத்தரியத் தொட்டுடாதீங்க. கோடு தப்பினா பட்டையே போச்சு. நான் வந்து அளந்து வெட்டித் தரேன். அதுவரைக்கும் பட்டைய ஒரு சட்டி வாயில இழுத்து மாட்டி வைங்க, இளகும்."

"சரிங்க இன்ஜினியரம்மா."

மறுநாள் ஒரு படம் அனுப்பினார். சூப் வைக்கிற பெரிய சட்டி, அதன் வாயில் மாட்டிய சிவப்பு உடை, பக்கத்தில் விறைப்பாக நிற்கும் அப்பா. 'சரியா இருக்கா?' என்று கேட்டிருந்தார். லெனோர் அதை ஆபீசில் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டு, 'சனிக்கிழமை வரேன்' என்று எழுதினாள்.

முதல் சனிக்கிழமை வேலை இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை மண் சரிந்ததால் மலைச்சாலையை மூடியிருந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை ஒன்றுமில்லை. பத்து மணி வரை தூங்கினாள். மூன்றரை மணி நேரம் வளைந்து வளைந்து வண்டி ஓட்ட அலுப்பாக இருந்தது.

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்ப்பா."

"அவசரமில்லம்மா. மீன் எங்க போயிடப்போகுது."

மறுநாள் ஞாயிறு. மே மாதத்துக்குச் சம்பந்தமில்லாத வெயில். டெல்ஃபினோ பழைய ரப்பர் உடையை இடுப்பில் முடிந்துகொண்டு தனியாகக் கடலுக்குப் போனார். பாறைகளுக்குப் பக்கத்தில் ஓர் அலை படகைக் கவிழ்த்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். அது அவரைக் கடைசி வரை மிதக்க வைத்திருந்தது. உதவிக்கு ஆட்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. குளிர் அதற்கு முன்பே முடித்துவிட்டது. இடுப்பு முடிச்சு அப்படியே இருந்தது. விரல்கள் மரத்துப்போன பிறகு எந்த முடிச்சும் அவிழாது.

அடக்கத்தன்று யாரோ கேட்டார்கள், அவரிடம் புது உடை இருந்ததே என்று.

"வாங்கிக் குடுத்தேன். போடமாட்டேன்னுட்டார். உங்களுக்குத் தெரியாதா அவர" என்றாள் லெனோர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் முதல் இரண்டு வார்த்தைதான் உண்மை.

ஒவ்வொரு வருடமும் மே முதல் சனிக்கிழமை அந்தக் கூட்டம் குடாவில் கூடும். டெல்ஃபினோ இறந்த பிறகு ஒரு விதி வைத்தார்கள்: மீன் பிடிக்க எதைப் போட்டுக்கொள்வார்களோ, அதைப் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நின்று காட்டினால்தான் சேர்ந்து போகலாம். அப்பாவின் கூட்டாளி மெர்ல் டாலிவர் கூப்பிட்டதால் இந்த முறை லெனோரும் வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மெர்ல் பேசினார்.

"ஜீன்ஸ் போட்டவரே, நீங்க கல்யாணத்துக்கு வந்தீங்களா? பருத்தி நனைஞ்சா காயாது, உங்களையும் சேத்துக் குளிர வைக்கும். உள்ள கம்பளி, மேல தண்ணி புகாத உடை, அதுக்கு மேல லைஃப் ஜாக்கெட். தேடற கண்ணுக்குத் தெரியற நிறமா போடுங்க. எங்க டெல்ஃபினோகிட்ட இது எல்லாமே இருந்துச்சு. ஜாக்கெட் தவிர எல்லாம் வீட்டுல இருந்துச்சு. பிடிவாதம். அது மிதக்காது பாருங்க."

சிரித்தார்கள். லெனோர் மெர்லுடைய முழங்கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனாள்.

"மெர்ல் மாமா, அப்பா போடமாட்டேன்னு சொல்லல. கழுத்துப்பட்டைய நான் வெட்டித் தரேன்னேன். வரல."

மெர்ல் காலடி மணலைப் பார்த்தார்.

"தெரியும்மா."

"எப்படி?"

"அந்த உடையச் சட்டியோட என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தான். ரெண்டு நிமிஷ வேலடான்னு கத்தரிய எடுத்தேன். கையத் தட்டிவிட்டான். 'பொண்ணு தொடக்கூடாதுன்னிருக்கா, அவ தொழிலே இதுதான், உனக்கென்னடா தெரியும்'னான். அவ்வளவு பெருமை அவனுக்கு."

"அப்புறம் ஏன் பிடிவாதம்னு சொல்றீங்க?"

"நீதானே சொன்ன. செத்தவனுக்கு என்ன, தாங்கிப்பான். நீ தாங்கமாட்டன்னு பட்டுச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பழைய ஆளுங்க எல்லாருக்கும்."

ஒரு வருடமாக அவர்கள் போன் செய்து விசாரித்தது, மீன் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தது, அப்பாவின் கராஜைக் காலி செய்ய வந்தது எல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். காதுமடல் எரிந்தது. அப்பா கெட்ட பெயரோடு கிடக்க, அவள் அந்த மீனைச் சாப்பிட்டிருக்கிறாள்.

"இனிமே அப்படிச் சொல்லாதீங்க மாமா."

"வேற என்னன்னு சொல்லட்டும்? எனக்குத் தெரியல. நீயே சொல்லு."

திரும்பி வந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"டெல்ஃபினோ பிடிவாதக்காரர் இல்ல. சொன்ன பேச்சக் கேட்டார். கழுத்துப்பட்டைய வெட்ட நான் வரேன், தொடாதீங்கன்னு அவரோட பொண்ணு சொன்னா. அவர் தொடல. அவ வரல."

ஜீன்ஸ்காரர் கேட்டார், "ஏங்க, ரொம்ப தூரமா?"

வேலை என்று சொல்லலாம். மண்சரிவு என்று சொல்லலாம். இரண்டும் நடந்தவைதான்.

"கடைசி சனிக்கிழமை சும்மாதான் இருந்தா. எழுந்து கிளம்பச் சோம்பலா இருந்துச்சு" என்றாள். சொன்ன பிறகும், 'அவள்' என்கிற வார்த்தைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

"நான்தான் அந்தப் பொண்ணு."

மெர்ல் புதியவர்கள் பக்கம் திரும்பினார்.

"கழுத்துப்பட்டை வெட்டாத உடை யாருதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க. இல்லேன்னா தண்ணிக்கு நடங்க."

அவளைக் கடந்து வரிசையாக இறங்கினார்கள். கழுத்துப்பட்டை இருந்த ஒவ்வொருவரும் அதற்குள் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.